பெரியம்மா என்றால் நீண்ட பந்து

உறவினர்களை வேலைத்தலத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவர்களுடைய படங்களை மட்டும்தான் கொண்டுபோனேன். அதற்கே இந்தக் கதி.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரியின் ஃபுட்போல் அணியில், தாக்குதல் பிரிவின் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். (காலால் உதைக்கிற ஃபுட்போல் அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி, மோதி விழுகிற ஃபுட்போல். இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு வருடம் எடுத்தது.) பந்து நம்மிடம் இருக்கும்போது அதை எப்படி முன்னே கொண்டுபோவது என்று பார்ப்பதுதான் தாக்குதல் பிரிவு. பதவியின் பெயர் பெரிது. உண்மையில் திட்டத்தைப் போடுகிறவர் தலைமைப் பயிற்சியாளர். நான் கோட்டோரத்தில் நின்று, அதற்குரிய படம் ஒட்டிய பெரிய மட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். வாழைப்பழம் என்றால் வலப்பக்கம் ஓடு, யானை என்றால் தூர எறி. வாயால் சொன்னால் எதிரணிக்கும் கேட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் வென்றால் என்னை நிரந்தரமாக்குவதாகத் தலைமைப் பயிற்சியாளர் சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டியிருந்தது, மிகவும் வேண்டியிருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் அம்மா, "கொலிஜ்ஜில படிப்பிக்கிறார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நம்முடைய யானையும் வாழைப்பழமும் எல்லா அணிக்கும் தெரிந்துவிட்டன. சனிக்கிழமைக்குள் புதுப் படங்கள் வேண்டும். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத படங்கள்."

அப்படிப்பட்ட படங்கள் எங்கள் வீட்டில் தாராளமாக இருந்தன. தங்கை பெரியபிள்ளையானபோது செய்த சாமத்திய வீட்டு அல்பம் ஒன்று உண்டு. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒவ்வொரு சொந்தக்காரரும் அதில் பக்கம் நிறைய நிற்பார். அஜக்ஸில் இருக்கிற பெரியம்மா சிவப்புக் காஞ்சிபுரம் கட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் எந்த விழாவிலும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பலகாரப் பொட்டலம் போய்ச் சேர வைப்பவர் என்பதால், பெரியம்மா என்றால் நீண்ட பந்து, அதாவது தூர எறி, என்று வைத்தேன். சித்தப்பா எங்கேயும் ஓரமாக நழுவுகிறவர். ஆகவே சித்தப்பா என்றால் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தால் ஓடு. (இந்தத் திட்டமிடலுக்காக எனக்கு ஒரு பட்டம் தந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன்.)

பையன்கள் இரண்டே நாளில் என் குடும்பத்தைப் பாடமாக்கிவிட்டார்கள். பந்தை எறிகிற மார்க்கஸ், மல்வேர்ன் பக்கத்துப் பையன், "பெரியம்மாதான் என் விருப்பம், கோச்" என்றான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமையில் ஒரு பிழை விட்டேன். ஆட்டத்தைப் பார்க்க வரும்படி வீட்டில் எல்லோரையும் அழைத்தேன். என் வேலையை ஒருமுறை கண்ணால் கண்டால் நம்புவார்கள் அல்லவா?

வந்தார்கள். ஒக்டோபர்க் குளிரில் மூன்றாவது வரிசை முழுக்க எங்கள் ஆட்கள். பொது இடம், கமெரா வரும் என்று பெரியம்மா அதே சிவப்புக் காஞ்சிபுரத்தில் வந்திருந்தார். நான் முதல்முறை அவருடைய படத்தைத் தூக்கியபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது.

"ஐயோ, என்ர படமடி! பிள்ளை என்ர படத்தைத் தூக்கிறான்!"

மார்க்கஸ் தூர எறிந்தான். புள்ளி விழுந்தது. அன்றைக்குப் பெரியம்மாவை நான்கு முறை தூக்கினேன், இரண்டு முறை புள்ளி. ஒவ்வொரு முறையும் பெரியம்மா எழுந்து நின்று கும்பிட்டார். நான் கௌரவிப்பதாக நினைத்துவிட்டார். நானும் உள்ளூர மகிழ்ந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி ஒன்றரை நிமிடம். நாங்கள் இரண்டு புள்ளி முன்னுக்கு. பந்தும் எங்களிடம். இனி எறியவே கூடாது, பிடித்துக்கொண்டு ஓடி நேரத்தைப் போக்கினால் போதும். தலைமைப் பயிற்சியாளர் கைகாட்டினார். நான் சித்தப்பாவைத் தூக்கினேன்.

அந்த நேரம் பார்த்து என் காதில் கம்பளி மாதிரி எதுவோ பட்டது.

"காதுக்குள்ள காத்துப் போகுது, நீ சும்மா நிக்கிறாய். உந்தத் தொப்பியைப் போடு."

பெரியம்மா! கயிற்றைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி வந்துவிட்டார். (சேலை கட்டிய அன்ரியைத் தடுக்கிற துணிவு இந்த நகரத்தில் எந்தக் காவலாளிக்கும் கிடையாது.)

"பெரியம்மா, இஞ்ச நிக்கக்கூடாது, போங்கோ!"

"போறன், போறன். தொப்பியைப் போடு, போறன்." அப்போதுதான் அண்ணாந்து மட்டையைப் பார்த்தார். முகம் மாறியது. "இதென்ன, உவற்ற படம்? இவ்வளவு நேரமும் என்ர படமெல்லோ இருந்தது? ஏன் என்னை இறக்கினனி?"

சொல்லிக்கொண்டே மட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். சித்தப்பா புல்லில் விழுந்தார். பெரியம்மா கோட்டோரத்தில், சிவப்புக் காஞ்சிபுரத்தில், "இதென்ன நியாயம்?" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அல்பத்தில் நின்றபடியே நின்றார்.

மைதானத்திலிருந்து மார்க்கஸ் திரும்பிப் பார்த்தான். விளங்கிவிட்டது என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"வேண்டாம்!" என்று தமிழில் கத்தினேன். பதற்றத்தில் எனக்கு வேறு மொழி வரவில்லை.

மார்க்கஸ் தன் வாழ்நாளில் எறியாத தூரம் எறிந்தான். எதிரணிக்காரன் ஒருவன் அதை அழகாகப் பிடித்து, எங்கள் எல்லை வரைக்கும் ஓடிப் புள்ளி போட்டான். அவர்களுடைய ஆட்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். பெரியம்மாவும் சேர்ந்து கை தட்டினார்.

தோற்றோம். மார்க்கஸ் அழுகிற குரலில், "கோச், நான் என்ன செய்வது? படத்தைவிடப் பெரிதாக நேரிலேயே வந்து நின்றார்" என்றான். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பெண் யார்?" என்று மட்டும் கேட்டார்.

"நீண்ட பந்து" என்றேன்.

நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது. நான் இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறேன். அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு இன்றும் சனிக்கிழமைகளில் கை துருதுருக்கும், மனம் கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

போன வருடம் பெரியம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். மண்டபம் நிறையச் சனம். மைக்கைப் பிடித்து அந்தக் கதையைத் தானே சொன்னார்.

"நான் இறங்கிப் போய் நிண்ட உடன சனமெல்லாம் எழும்பிக் கை தட்டினது. தம்பி, அண்டைக்கு நான் வந்தபடியாத்தானே நீங்கள் வெண்டனீங்கள்?"

மண்டபத்தில் உண்மை தெரிந்த நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உள்ளே ஒரு கணம் எரிந்தது. பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"ஓம் பெரியம்மா. எல்லாம் உங்களாலதான்."

அன்றிலிருந்து இது குடும்ப வழக்கமாகிவிட்டது. யாருக்காவது காரோட்டும் பரீட்சை தவறினாலும், கேக் கருகினாலும், விமானம் தவறினாலும் உடனே அஜக்ஸுக்குப் போன் போடுவார்கள். "பெரியம்மா, எல்லாம் உங்களாலதான்."

என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் கேட்பதில்லை.

"அதுக்கென்ன பிள்ளை," என்பார். "இன்னும் ஏதும் தேவையெண்டாச் சொல்லுங்கோ, வாறன்."