மேளத்துக்குப் பிந்தி விழுந்த மணி

நாலு வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன். பத்தாவதோடு நின்றவள் நான். கம்ப்யூட்டர் சமாசாரத்தைத் தப்பாக எழுதி ஒரு நல்ல மனுஷருக்குத் தலைகுனிவு தேடித் தந்துவிடக் கூடாதே என்ற பயம். போன சங்கடஹர சதுர்த்தியன்று பிள்ளையாரிடம் கேட்டேன். எழுது என்பது போலத்தான் இருந்தது.

பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவதில் ப்ரையாரிட்டி சாரை மிஞ்ச மயிலாப்பூரில் இன்னும் ஆள் பிறக்கவில்லை.

எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருஷம் குடியிருந்தார். எதற்கு முதலில் ஓட வேண்டும் என்று மாடிப்படிச் சுவரில் பட்டியலே ஒட்டியிருந்தார்; அந்தப் பெயர் வந்தது அதனால்தான். ஒன்று, தீ. இரண்டு, தண்ணீர் லாரி. மூன்று, அவருடைய புரோகிராம். நான் நாலாவது. என் கணவர் பதினொன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமி, உங்க மிளகாய்ப் பொடில..." என்று ஆரம்பித்தவர், லாரி ஹாரன் கேட்டதும் குடத்தோடு பறந்தார். வியாழக்கிழமை காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று, "...எள்ளு கொஞ்சம் தூக்கல்" என்று முடித்துவிட்டுப் போனார்.

அது என்ன புரோகிராம் என்று கேட்டேன்.

"தோசையை ஒரு நிமிஷம் லேட்டா திருப்பினா அதுவும் தோசைதான் மாமி. ஆனா கருகிடும். சரியான வேலையை லேட்டா செஞ்சா தப்பான வேலை. சின்னச் சின்ன மிஷின்லாம் அந்தந்த செகண்டுல திருப்பணும்ல, அதுக்கு உள்ள இருந்து சொல்றதுதான் எங்களது."

அதை யாரும் எடுத்துக்கொள்ளலாமாம், யாரும் திருத்தலாமாம். பழுது பார்த்துக்கொண்டே இருக்க உலகம் பூராவும் ஏழெட்டுப் பேர். சம்பளம் கிடையாது. கோயிலில் புல் செதுக்கும் உழவாரப்பணி மாதிரி என்று புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு லேப்டாப்பில் கூடிப் பேசுவார்கள். அவர்களில் ஒருத்தியான பெசன்ட் நகர் காவ்யா மட்டும் மாடிக்கே வந்துவிடுவாள். சண்டையை நேரில் போட்டால்தான் அவளுக்குத் திருப்தி. அப்போது சண்டை, மிஷினுக்கு மூளையாக இருக்கும் ஒரு பழைய சில்லைப் பற்றி. சார் வாழ்க்கையில் முதன்முதலில் எழுதியது அந்தச் சில்லுக்காகத்தான். புரோகிராமில் அதற்கான பகுதியையே நீக்கிவிடலாம் என்றாள் காவ்யா.

"யாருமே யூஸ் பண்ணல சார். ஒவ்வொரு தடவையும் அதுக்கும் சேர்த்து நான் செக் பண்றேன். உழவாரம்னு மாமி சொல்றாங்கல்ல, களையைப் பிடுங்க வேணாமா?"

"களையா செடியான்னு பாத்துட்டுப் பிடுங்கும்மா. எவனோ ஒருத்தன் நம்பி மாட்டியிருந்தா?"

"அந்த ஒருத்தரைக் காட்டுங்க."

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்குள் அந்தச் சில்லு புரோகிராமின் புதுப் பதிப்போடு எங்காவது ஓடுவதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீக்கம் என்று கூட்டம் முடிவு செய்தது.

ஒரு வாரம் சார் அந்தச் சில்லு மாட்டிய மிஷினைத் தேடி ரிச்சி தெரு, சிந்தாதிரிப்பேட்டை என்று கடை கடையாக ஏறி இறங்கினார். சனிக்கிழமை மத்தியானம் துவண்டு வந்து படியில் உட்கார்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சார், நம்ம பிள்ளையார் கோயில்ல தானா அடிக்கற மேள மிஷின் இருக்கோல்லியோ. மேளத்துக்கு ஒரு மோட்டார், மணிக்கு ஒரு மோட்டார். ரெண்டையும் சேத்து வைக்க ஒரு டப்பா இருக்கே, அதுக்குள்ள என்ன இருக்கும்?"

ஒற்றைச் செருப்போடு ஓடினார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர் அவர். சந்தோஷம் வந்தால் படித்த பேச்செல்லாம் உதிர்ந்துவிடும். டப்பாவுக்குள் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருந்த சீட்டையும் படித்தவர், "கீது மாமி, அந்தச் சில்லு இங்கதான் கீது. நம்ம புரோகிராம்தான் உள்ள ஓடிக்கினு கீது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ ஒருவர் நம்பி மாட்டியிருந்தார். அது பிள்ளையார்.

புதுப் பதிப்பை ஏற்றக் குருக்கள் சம்மதித்தார். "ஏத்திக்கோ. தீபாராதனைல நின்னு போச்சோ, நீதான் கையால அடிச்சுண்டு நிக்கணும்."

ஆறு மணி. வழக்கம்போல மாடிக்கு வந்த காவ்யா கோயிலுக்கே வந்து போனைத் தூக்கிப் பிடித்தாள். போனுக்குள்ளிருந்து உலகம் பூராவும் இருந்த மற்றவர்களும் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் ஏற்றியதும் மேளம் முழங்கியது, மணி கூடவே அடித்தது. சார் கண்ணில் தண்ணீர். "சரி சார், ஓடுது. ஒத்துக்கறேன்" என்றாள் காவ்யா.

எனக்கு மட்டும் உறுத்தியது. இருபது வருஷமாகத் தினம் கேட்ட காது. சொன்னால் ஜெயித்த மனுஷர் தோற்றுவிடுவாரே. ஆனால் சன்னிதியில் நின்றுகொண்டு தெரிந்ததை மறைக்கலாமா?

"சார், மணி ஒரு முடி பிந்தி விழறது."

"எனக்குக் கேக்கலையே மாமி" என்றாள் காவ்யா.

சாரின் முகம் ஒரு கணம் வெளிறியது. "மாமி சொன்னா பிந்தும்" என்று அவரே லேப்டாப்பைத் திறந்தார்.

பிரகாரத்திலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அளந்தார்கள். அர்ச்சனைத் தட்டு வாங்க வந்தவர்கள் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். முக்கால் மணி நேரத்தில் காவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். சமீபத்தில் அவளே செய்த ஒரு திருத்தம்தான் காரணம்.

"எல்லாச் சில்லுலயும் இந்தத் தப்பு இருக்கு சார். புதுசெல்லாம் வேகமா ஓடறதால மறைஞ்சு போச்சு. இந்தக் கிழம் மெதுவா ஓடி என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு." பிறகு போனைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். சார்தான் என்னிடம் சொன்னார்: "பழசு இருக்கட்டும், இனிமே அதை நானே பாத்துக்கறேன்னு காவ்யா சொல்லுது மாமி."

தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பெயரைத் திருத்தத்தோடு சேர்த்து எழுதிவைப்பது அவர்கள் வழக்கமாம். பிள்ளையார் பெயரைப் போடுங்கோ என்றேன்.

"அவருக்கு மெயில் ஐடி கேப்பாங்க மாமி" என்று என் பெயரைப் போட்டுவிட்டார்.

சார் இப்போது அடையாறு போய்விட்டார். அவர்கள் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் திருத்தலாம். இதில் மட்டும் கை வைக்காதீர்கள். யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். முக்கியமாக இதை விட்டுவிடாதீர்கள்: அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் என்னிடம் "உங்களுக்குப் புரியாது" என்று சொன்னதில்லை.