வசந்தியைக் கொன்ற விமர்சகர்

வசந்தியைக் கொன்றது தப்பு என்று தனசிங்குக்கு உறைத்தபோது புதன்கிழமை காலை பத்தரை மணி. அதற்குள் எஸ்டேட்டே அவளுக்காக அழுது ஓய்ந்திருந்தது.

வசந்தி யாரோ என்று பதற வேண்டாம். 'வசந்தியின் வளையல்' படத்தின் கதாநாயகி. தனசிங் தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கிளார்க். சம்பளத்துக்குப் பேரேடு எழுதுவார். புகழுக்கு சினிமா விமர்சனம் எழுதுவார். செவ்வாய்க்கிழமை தோறும் 'கழுகுக்கண்' என்ற புனைபெயரில் ஒரு முழுத்தாள். படிப்பகத்துப் பலகையில் ஒரு பிரதி. கார்பன் வைத்து எழுதிய இன்னொன்று, கீழே கடைத்தெருவில் இருந்த தகரக் கொட்டகையின் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில்.

படங்களைத் தேயிலை போலவே தரம் பிரிப்பார். "முதல் பாதி இலை, மறுபாதி தூள். கதாநாயகனின் டோப்பா மட்டும் உணர்ந்து நடித்திருக்கிறது" என்று ஒரு படத்துக்கு. "பாட்டு ஒன்பது. ஆறு பாட்டுக்கு எழுந்து போய் டீ குடித்தேன், மீதி மூன்றுக்கு டீக்கடையிலேயே இருந்துவிட்டேன்" என்று இன்னொன்றுக்கு. ஆனால் அவர் உண்மையிலேயே கோபப்படுவது கடைசிப் பத்தியில்தான். படம் எப்படி முடிகிறது என்று விவரமாகச் சொல்லி, அப்படி முடித்த இயக்குநரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

ஜனங்கள் அடித்துப்பிடித்துப் படித்ததும் அந்தப் பத்தியைத்தான். காரணம் இருந்தது. கொட்டகையில் வாரத்துக்கு ஒரே காட்சி, ஞாயிறு மத்தியானம் இரண்டே காலுக்கு. எஸ்டேட்டுக்கு மேலே ஏறும் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதற்கப்புறம் மூடுபனியும் காட்டெருமையும்தான் அந்தச் சாலையில் போகும். கதாநாயகனும் வில்லனும் முஷ்டியை மடக்கும் நேரம் பார்த்து பஸ் ஹாரன் அடிக்கும். மொத்தக் கொட்டகையும் செருப்பைத் தேடிக்கொண்டு ஓடும். கடைத்தெருக்காரர்கள் படம் பார்க்கக் குன்னூருக்கே போய்விடுவதால், கொட்டகையில் இருந்ததெல்லாம் எஸ்டேட் கூட்டம் மட்டுந்தான். ஆகமொத்தம், பன்னிரண்டு வருஷமாக அந்த எஸ்டேட்டில் எந்தப் படத்துக்கும் யாரும் முடிவு பார்த்ததில்லை.

தனசிங் மட்டும் பார்ப்பார். எப்படி?

"நமக்கு அது தனி ஏற்பாடுங்க" என்பார் மனிதர், மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு. "ஆப்பரேட்டர் இசக்கி நமக்கு ரொம்ப வேண்டியவன். நான் பன்னெண்டு மணி பஸ்ஸுக்கே எறங்கிப் போயிருவேன். ஷோவுக்கு முந்தி கடைசி ரீலை எனக்கு மட்டும் போட்டுக் காட்டிப்போடுவான். விமரிசகருன்னா சும்மாவா?"

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போவது உண்மை. போய் உட்கார்ந்தது கொட்டகைக்குப் பின்னால் இருந்த டீக்கடையில். அங்கே வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றதைத் தவிர வேறு எந்தத் தனி ஏற்பாடும் அவருக்கு இல்லை. முடிவை அவரே கற்பனை செய்வார். பிறகு அந்தக் கற்பனையை அவரே திட்டுவார். ஒருமுறை கோயமுத்தூரிலிருந்து வந்த யாரோ ஒருவர், "படத்துல அப்படி வராதுங்களே" என்று இழுத்தபோது, "கீழ்நாட்டுப் பிரதி வேற, மலைப் பிரதி வேற. குளிருக்குத் தகுந்த மாதிரி முடிப்பாங்க" என்று அனுப்பிவைத்தார். அவரும் தலையாட்டிக்கொண்டு போனார்.

போன ஞாயிறு பஸ் ஹாரன் அடித்தபோது வசந்தி ஒரு கயிற்றுப் பாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். கீழே அருவி. மேலே தாய்மாமன், கையில் அரிவாள். தொடர்ந்து நாலு வாரம் நாலு கதாநாயகிகளைக் காப்பாற்றிய அலுப்பு தனசிங்குக்கு; போதாததற்கு அன்று கடைவாய்ப்பல் வேறு வலித்தது. வசந்தியை அருவியில் தள்ளிவிட்டார். "ஒரு பாவமும் அறியாத பெண்ணைப் பாறையில் மோதவிட்ட இயக்குநருக்கு நெஞ்சில் ஈரமில்லை. அருவியில் மட்டும் ஈரம் இருந்து என்ன பயன்?" என்று எழுதினார்.

புதன்கிழமை காலை கொழுந்து எடுக்கும் பெண்கள் கூடையை வைத்துவிட்டு அழுதார்கள். கங்காணி மூக்கம்மா கஞ்சி குடிக்கவில்லை. தனசிங்கின் மனைவி மெட்டில்டா, "அந்த வளையல் என்னாச்சுங்க? தண்ணியோட போயிருச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள். தனசிங்குக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்போதுதான் கம்பவுண்டர் ஜஸ்டஸ் ஆபீசுக்குள் வந்தான்.

"சார், சேதி தெரியுமுங்களா? குன்னூர்ல படம் ரெண்டாவது வாரம் ஓடுதாம். அதனால நம்ம கொட்டகையிலயும் வர்ற ஞாயித்துக்கிழமை வசந்திதானுங்க!"

தனசிங்கின் பேனா நின்றது. படம் வாராவாரம் மாறும் என்ற ஒரே தைரியத்தில்தான் அவர் பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன? ஓடட்டும்."

"நானும் மோட்டார் சைக்கிள் வாங்கிட்டேனுங்களா, பஸ்ஸப் பத்திக் கவலையில்ல. கடைசி வரைக்கும் இருந்து பார்த்துப்போட்டுத்தான் வரப்போறேன். திங்கக்கிழமை உங்க பாராட்டு விழாவுல ரெண்டு வார்த்தை பேசோணுமல்லங்க?"

விழாவை மறந்தே போயிருந்தார் தனசிங். படிப்பகத்தில் கழுகுக்கண்ணின் அறுநூறாவது விமர்சனத்துக்குப் பாராட்டு. மேனேஜர் துரை கையால் பொன்னாடை. மெட்டில்டா அதற்கென்று தங்கச்சியைக்கூட லவ்டேலிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் இந்தக் கம்பவுண்டர் எழுந்து, "வசந்தி சாகவே இல்லைங்க" என்று சொன்னால்?

வியாழக்கிழமை விடிவதற்குள் தனசிங் பலகையில் ஒரு பின்குறிப்பு ஒட்டினார். "இரண்டாம் வாரத்தில் படத்தின் முடிவு மாற்றப்பட்டிருப்பதாக நம்பகமான தகவல். வசந்தி பிழைக்கவும் கூடும்."

செத்தாலும் சரி, பிழைத்தாலும் சரி என்று நிம்மதியாக ஆபீசுக்குப் போனார். பதினொரு மணிக்கு வெளியே ஒரே சத்தம். நாற்பது பெண்களோடு மூக்கம்மா மேனேஜர் அறை வாசலில் நின்றிருந்தாள்.

"தொரை, அந்தப் புள்ள பொழைச்சுக்கிட்டாளாமுங்க. அதைக் கண்ணால பாக்காம எங்களுக்குக் கையி ஓடாதுங்க. பஸ்ஸ நம்புனா முடிவு கெடைக்காது. கொழுந்து லாரிய அனுப்பிச்சீங்கன்னா கடைசி வரைக்கும் இருந்து பாத்துப்போட்டு வந்துருவோமுங்க."

மேனேஜர் துரை நேற்றைய கொழுந்துக் கணக்கைப் பார்த்தார். பாதிதான் வந்திருந்தது. "ஆல்ரைட்! லாரி ஆறு மணிக்கு கொட்டகை வாசல்ல நிக்கும். ஆனா திங்கக்கிழமை யாரும் அழக்கூடாது, ஓகே?"

ஒரு ஜஸ்டஸுக்குப் பயந்து எழுதிய பின்குறிப்பு எஸ்டேட்டையே முடிவு பார்க்கக் கிளப்பிவிட்டது.

அத்தோடு விட்டானா ஜஸ்டஸ்? சாயங்காலம் படிப்பகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டான். "முடிவை நெசமாலுமே மாத்திப்போட்டாங்களா சார்? எதுக்கும் படம் முடிஞ்சதும் இசக்கியவே கேட்டுப்போடலாமுங்க. உங்களுக்குத்தான் வேண்டியவராச்சே."

வசந்தி என்ன ஆனாலும் சமாளிக்கலாம். இசக்கி வாயைத் திறந்தால் சமாளிக்க முடியாது. 'உங்களுக்கு என்னைக்குங்க நான் ரீல் காட்டுனேன்?' என்று அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அறுநூறு விமர்சனமும் அடுப்புக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை லாரி டிரைவர் அழகர்சாமியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அழகரு, மூணாவது வளைவுல காட்டெருமைக் கூட்டம் நிக்குதாம். ஒத்தை லாரிய இருட்டுல ஓட்டிட்டு வந்து மாட்டிக்காத. வண்டி ரிப்பேருன்னு சொல்லிப்போடு."

"ஐயோ, நல்லவேளை சொன்னீங்க!" என்ற அழகர்சாமி நேராக மேனேஜரிடம் ஓடினான். மேனேஜர் துரை எழுந்து நின்று சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"காட்டெருமையா? அப்ப நான் ஜீப்ல முன்னாடி வர்றேன். மேடமும் வரட்டும். அந்த வசந்தி கதை என்னதான்னு நாங்களும் பாக்கறோம்!"

ஞாயிறு காலை தனசிங் போர்வையை விட்டு வெளியே வரவில்லை.

"ஏனுங்க, மணி பதினொண்ணாச்சு. கடைசி ரீல் பாக்கப் போகலயா?"

"காய்ச்சல், மெட்டில்டா. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது."

மெட்டில்டா பதறிப்போய் ஆள் அனுப்பினாள். வந்தது, வேறு யார், ஜஸ்டஸ். நாடி பிடித்துப் பார்த்தான். கண்ணை விரித்துப் பார்த்தான். பிறகு பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்தான். மாட்டுக்குப் போடுகிற அளவு இருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு போட்டா மத்தியானத்துக்குள்ள எந்திரிச்சிருவீங்க சார்."

தனசிங் அப்போதே எழுந்துவிட்டார்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. மேனேஜர் துரைக்கும் மேடத்துக்கும் முன்னால் நாற்காலி. தனசிங் மெட்டில்டாவுக்கும் ஜஸ்டஸுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை படம் அவருக்குப் பிடிக்கக்கூட இல்லை. வசந்தி பாடினாள், அழுதாள், வளையலைத் தொலைத்தாள். ஒவ்வொரு நிமிஷமும் அவள் அந்தப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள், கூடவே தனசிங்கும்.

பாலம் வந்தது. கயிறு ஆடியது. தாய்மாமன் அரிவாளை ஓங்கினான்.

வெளியே பஸ் ஹாரன்.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். மொத்தக் கொட்டகையும் பாதி எழுந்தது. பிறகு லாரி ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. பஸ் காலியாக மலையேறிப் போன சத்தம் கேட்டது.

தனசிங் கண்ணை இறுக மூடிக்கொண்டார். 'ஆண்டவரே, இசக்கிக்கு இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் தொண்டை கட்டிக்கட்டும். வர்ற வாரம் பொன்னாடைய கோயிலுக்கே குடுத்தர்றேன்.'

டப்பென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தார். திரை வெள்ளையாக இருந்தது. விளக்குகள் எரிந்தன. வசந்தியைக் காணோம், அருவியைக் காணோம், அரிவாளையும் காணோம்.

யாரும் அசையவில்லை. ரீல் மாற்றுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

"கரண்டு இருக்குதே, பின்ன என்ன?" என்றார் மேனேஜர் துரை.

மேலே அறைக்கதவு திறந்தது. இசக்கி தலையில் ஒரு தகரப் பெட்டியும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி படியிறங்கினான். நிறைந்திருந்த கொட்டகையைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"என்னங்க இது? யாரும் போகலயா? பஸ்ஸு போயிருச்சுங்களே!"

மூக்கம்மா பாய்ந்து போய் வழியை மறித்தாள். "போனா போகுது! படத்த ஏன் நிறுத்துன? அந்தப் புள்ள செத்தாளா, பொழைச்சாளா?"

"அட, வழிய விடுங்க ஆத்தா. பொட்டி அஞ்சு பத்து பஸ்ஸுல கீழ போகோணும். ஆறரை மணி ஷோவுக்கு இதே பொட்டிதான் குன்னூர்ல ஓடோணும்."

ஜஸ்டஸ் எழுந்தான். "அப்ப முடிவு?"

"முடிவா? அஞ்சு மணிக்கு ஹாரன் அடிச்சா நீங்கதான் ஒருத்தர் பாக்கியில்லாம ஓடிருவீங்களே. காலி பெஞ்சுக்கு யாரு படம் காட்டுவா? கடைசி ரெண்டு ரீல நான் இந்தக் கொட்டகையில தொட்டதே இல்லீங்க."

கொட்டகையில் இருந்த அத்தனை தலைகளும் மெல்லத் திரும்பின. மெட்டில்டாவின் தலை கடைசியாக, ரொம்ப மெதுவாகத் திரும்பியது. தனசிங் மப்ளரை மூக்கு வரைக்கும் ஏற்றிக்கொண்டார்.

ஆனாலும் இசக்கி பார்த்துவிட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"அடடே, கிளார்க்கய்யா இங்கதான் இருக்காரே! அவரையே கேளுங்க. பன்னெண்டு வருசமா எந்தப் படம் எப்படி முடியுதுன்னு, அந்த டிக்கெட் ஜன்னல்ல அவரு எழுதி ஒட்டறதப் படிச்சுத்தானுங்க நானே தெரிஞ்சுக்கறேன்!"