மெனுவல் அன்ரியும் சிவப்பு வெளிச்சமும்

கொழும்பிலேயே வாங்கும் பொருளின் மெனுவலைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரே மனிதப்பிறவி, எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் மூன்றாம் மாடி அன்ரிதான். புது ரைஸ் குக்கருக்கே இரண்டு நாள் படித்த பிறகுதான் அரிசி போட்டார். அதுவரை வீட்டில் மூன்று வேளையும் பேக்கரிப் பாண்தான். எங்களுக்கு அவர் மெனுவல் அன்ரி.

போன வருடம் என் கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது முகம் முழுக்கப் பரு. டொக்டர் தந்த குளிசை போதாதென்று, முகமூடி போல மாட்டிக்கொள்ளும் சிவப்பு வெளிச்சக் கருவி ஒன்றும் வாங்க நினைத்தேன். லிஃப்டில் வாய்தவறி அன்ரியிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்றாலும் கேளாமல் கூடவே கிளம்பிவிட்டார்.

வெள்ளவத்தையின் பிரதான தெருவான காலி வீதியில் முதல் கடை.

"தம்பி, இதின்ர அலைநீளம் எவ்வளவு?"

"ஒன்றரை மீட்டர் அன்ரி. பிளக் வரைக்கும் தாராளமா வரும்."

"வயரை இல்லை, வெளிச்சத்தைக் கேக்கிறன்."

"அது அறை முழுக்க அடிக்கும்."

இப்படி நான்கு கடை. கடைசியில் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அந்தக் கடைக்காரப் பெண் தடித்த மெனுவல் ஒன்றை நீட்டினார். அன்ரி கதிரை கேட்டு வாங்கி உட்கார்ந்தார். கண் கூசுகிறதா என்று பார்க்க முகமூடியையும் மாட்டிப் பத்து நிமிடம் அசையாமல் இருந்தார். வாசலில் காத்திருந்த ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அன்ரிக்கு என்ன வருத்தம்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவோ?"

முகமூடியைக் கழற்றிய அன்ரி மறுபடி படித்தார். இருபத்து மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பிள்ளை, நீ போடுற குளிசைக்கு என்ன பேர்?"

சொன்னேன். அங்கேயே டொக்டருக்குப் போன் எடுக்க வைத்தார். அந்தக் குளிசை முடியும் வரை தோல் வெளிச்சத்தைத் தாங்காது, இப்போதைக்கு வேண்டாம் என்றார் டொக்டர். வெறுங்கையோடு திரும்பினோம். எனக்கு அழுகையும் கோபமும். வெள்ளவத்தை வரை ஓட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அன்ரி அதைப் பொருட்படுத்தவில்லை.

பரு குளிசையிலேயே பெரும்பாலும் அடங்கியது. மிச்சத்தை மேக்கப் பார்த்துக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் அதே ஃபிளாட்டில்தான். குளிசை முடிந்து இரண்டு மாதத்தில், அந்தக் கொட்டாஞ்சேனைக் கருவியை வாங்கிக்கொண்டு அன்ரி எங்கள் வாசலில் நின்றார்.

"உன்ர டொக்டரிட்டப் போய்க் கேட்டிட்டன். இப்ப போடலாம்."

அன்றிலிருந்து பின்னேரம் பத்து நிமிடம் நான் சிவப்பு முகத்தோடு சாய்ந்திருப்பேன். அன்ரி பக்கத்தில் இருந்து, வாய் திறக்க முடியாத என்னிடம் ஃபிளாட்டின் செய்தி முழுவதையும் சொல்வார். தழும்பு மங்கியிருக்கிறது என்கிறார் கணவர். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

போன கிழமை அன்ரி வத்தளைக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வரும் வரை நான் அந்தக் கருவியைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவேயில்லை.