மாப்பிள்ளை துடைத்த கண்ணாடி

கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் பற்றி உலகத்தில் ஒரு நல்ல எண்ணம் இருக்கிறது. நம்பாதீர்கள். பேச வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு, அதற்கும் சேர்த்துக் கையால் எதையாவது செய்து தொலைப்பவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியைத் தயிராக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நெய்வேலியில் எனக்கு அப்போதுதான் வேலை பர்மனன்ட் ஆகியிருந்தது. (அதுவரை என் பக்கமே திரும்பாத தரகர், திடீரென்று என் முகத்தில் களை இருப்பதாகக் கண்டுபிடித்தார்.) மேல்பட்டாம்பாக்கத்துப் பெண் ஒருத்தியின் போட்டோவைக் கொண்டுவந்தார். பார்த்ததுமே பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் குவார்ட்டர்ஸையும் பார்க்க வருவதாகப் பெண்ணின் அப்பா சொல்லியனுப்பினார்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து அவர நடத்தியா கூட்டியாருவே? மயில்சாமியண்ணன்கிட்ட ஸ்கூட்டரக் கேளு" என்றாள் அம்மா.

மயில்சாமி அண்ணன் பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர். ஸ்கூட்டரின் முன்னால் காற்றுக்குத் தடுப்பாக உயரமான பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். எங்கள் பிளாக்கிலேயே அது ஒன்றுதான். அதிகாலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சாவியைக் கொடுத்தார்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. கண்ணாடியில மட்டும் கை வெச்சுப்போடாதீங்க."

அந்த ஒரு வேலையைத்தான் முதலில் செய்தேன்.

காரணம் இருந்தது. எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் நிலக்கரி எரிக்கும் பவர் ஹவுஸின் சாம்பல் தூள் பறக்கும். அண்ணன் தினமும் அதை உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து, கண்ணாடி முழுக்கக் கீறலும் மங்கலுமாக இருந்தது. வருங்கால மாமனாரை இதன் பின்னாலா உட்கார வைப்பது? டவுன்ஷிப் பெண்கள் பவர் ஹவுஸ் சாம்பலில்தான் பாத்திரம் துலக்குவார்கள். அம்மா துலக்கிய சொம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பித்தளையே அப்படி மின்னினால் பிளாஸ்டிக் எப்படி மின்னும்! ஈரச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டு, சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன்.

பழைய கீறல்கள் மறைந்துவிட்டன. புதிய கீறல்களுக்கு நடுவே அவை தெரியவில்லை.

பிறகு பற்பசை போட்டேன். ஒரு மூலை லேசாகத் தெளிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். கட்டிலுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய தின்னர் கண்ணில் பட்டது. ஒரே துடைப்பு. ஆஹா, பளிங்கு! ஈரம் இருந்தவரைக்கும். காய்ந்ததும் கண்ணாடி வெள்ளை வெளேரென்று உறைந்து, மயிரிழை மயிரிழையாக வெடித்தது. கழற்றிவிடலாம் என்றால் நட்டுகள் துருவேறி அசையவில்லை. பஸ் வரும் நேரமும் ஆகிவிட்டது.

நான் குள்ளம். கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்க முடியாது. கழுத்தை வலது பக்கம் நீட்டி, அதன் ஓரமாகப் பார்த்துதான் ஓட்ட முடிந்தது. பெண்ணின் அப்பா மஞ்சள் பையோடு பின்னால் ஏறினார். ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்ஸிலிருந்து மயில்சாமி அண்ணன் பார்த்துவிடுவாரே என்ற பயத்தில், பக்கத்தில் இருக்கும் எங்கள் பிளாக்குக்கு ஊரையே சுற்றிக்கொண்டு போனேன்.

"இன்னா மாப்ள, கழுத்த ஒரு பக்கமாவே வச்சிகினு இருக்கீங்க? சுளுக்கா?"

"இல்லைங்க."

"அப்ப எப்பவுமே இப்டிதானா?"

பதிலுக்கு ஹாரனை ஒருமுறை அடித்தேன். வீடு வந்தபோது கழுத்து திரும்ப வரவில்லை, நிஜமாகவே பிடித்துக்கொண்டது. காபி டம்ளரைச் சாய்ந்த வாய்க்குக் கொண்டுபோனதில் பாதி தோளில் வழிந்தது. அவர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, புள்ளைக்குப் பொறந்ததுலேர்ந்தே இப்டியா?"

"காலையில நல்லாத்தாங்க இருந்தான்" என்றாள் அம்மா, என்னை அப்போதுதான் பெற்றவள்போலப் பார்த்து.

அவர் எழுந்துவிட்டார். "சரிம்மா. வூட்ல கலந்துகினு சொல்லியனுப்பறேன்."

இதற்கு என்ன பொருள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சட்டைப் பையில் இருந்த போட்டோ சுட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானோ அவருடைய மஞ்சள் பையை எடுத்து நீட்டினேன்.

அப்போதுதான் வாசலில் மயில்சாமி அண்ணனின் குரல் கேட்டது.

"ஏனுங் தம்பி! கண்ணாடிய என்னங்க பண்ணுனீங்க? கண்ணுல பூ விழுந்த கெழவனாட்டம் நிக்குது!"

அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது. சாம்பல், பற்பசை, தின்னர், நட்டு, கழுத்து எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. (என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.) பெண்ணின் அப்பா வெளியே போனார். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிறகு மெல்லக் கழுத்தை வலது பக்கம் நீட்டினார். அச்சு அசல் நான். அப்படியே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கழுத்துதான் கோணலோன்னு பயந்தே பூட்டேன் மாப்ள. புத்திதானா? அத எம்பொண்ணு நிமித்திடுவா."

மயில்சாமி அண்ணன் சிரிக்கவில்லை. புதுக் கண்ணாடி வாங்கித் தருவதாக நான் சத்தியம் செய்த பிறகுதான் உள்ளே வந்து காபி குடித்தார். பழையதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி என் காலடியில் போட்டார். பெண்ணின் அப்பா அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எதற்கு என்று கேட்க எனக்குக் கூச்சம்.

கல்யாணம் முடிந்து முதல் முறை மாமனார் வீட்டில் குளிக்கப் போனபோது தெரிந்தது. குளியலறை ஜன்னலில் அளவாக வெட்டிப் பொருத்தியிருந்தார். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடையாது. வெளியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: "எட்டி கிட்டிப் பாக்காதீங்க. கழுத்து புடிச்சிக்கப் போவுது."

அந்த வீட்டில் ஓடு போய் மாடி வந்துவிட்டது. ஜன்னல் மட்டும் மாறவில்லை. புதிதாக யார் குளிக்கப் போனாலும் அது என்ன என்று கேட்பார்கள். சொல்லவும் ஆள் தயாராக இருக்கும். போன பொங்கலுக்கு என் புது மருமகன் அங்கே குளித்துவிட்டு வந்து, சாப்பிட என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கழுத்தை லேசாக வலது பக்கம் சாய்த்தார். பிறகு, எங்கள் இருவருக்கும் நடுவில் கழற்றி வைத்திருந்த தன் மூக்குக் கண்ணாடியைச் சத்தமில்லாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.