தங்கள் காரின் பின் வைப்பர் சம்பந்தமாக

சாம்பல்தீவு,
திருகோணமலை.
14.11.1997

பெருமதிப்புக்குரிய இரத்தினசிங்கம் அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் சோமசேகரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் வெள்ளவத்தையில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எங்கள் சுகத்தையும் அறியத் தருகிறேன். எனக்குப் பிரஷர் முன்னையைப் போலத்தான். மனைவி நல்லம்மாவுக்கு மழையோடு முழங்கால் நோவும் வந்திருக்கிறது. மகள் சீதேவிக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது. மருமகனுக்குச் சவூதியில் லீவு கொடுக்கவில்லையாம். மிகுதி எல்லாம் தங்கள் காரைப் பற்றியது.

தாங்கள் கொழும்புக்குப் போகும்போது காரை என்னிடம் ஒப்படைத்து, "ஊர் மெக்கானிக் ஒருத்தனும் இதில் கை வைக்கப்படாது" என்று சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். மாத முடிவில் காரை விலைக்குப் பார்க்க ஆள் வருகிறது, நான் விட்ட மாதிரியே கார் இருக்கவேண்டும் என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தீர்கள். அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இடையில் ஒன்பது நாள் அப்படி இருக்கவில்லை. அதை ஊரார் சொல்லித் தாங்கள் அறிவதிலும் பார்க்க நானே எழுதுவது முறை.

மழை துவங்கின கிழமை காருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. சுவிச்சைப் போட்டால் பின் வைப்பர் அசையாது, பிரேக்கை அமத்தினால் அசையும். நல்லம்மா, "எப்பிடியோ ஆடுதுதானே, விடுங்கோ" எண்டாள். நானும் விட்டிட்டன். பென்சன் எடுக்க ரவுணுக்குப் போன அண்டைக்கு, ஆமி மறிச்சுச் சோதிக்கிற சென்றியில பிரேக் பிடிச்சன், பின்னால நிண்ட ஆமிக்காரன் சிரிச்சான், மற்றவனைக் கூப்பிட்டான், அவன் கோப்ரலைக் கூப்பிட்டான், கோப்ரல் வந்து என்னை மூன்று தரம் பிரேக் பிடிக்கச் சொன்னான், மூன்று தரமும் அது நல்ல வடிவா கையாட்டினது. பிறகு கோப்ரல் என்ர வாகனப் பாஸை வாங்கி, அதன்ர பின்பக்கம் சிங்களத்தில ஒரு வரி எழுதி, கையெழுத்தும் வச்சுத் தந்தான். துறைமுகத்தில இருபத்தெட்டு வருசம் கிளாக்கரா இருந்தவன் நான், சிங்களச் சோதினை மூன்றாம் முறையிலயாவது பாஸ் பண்ணினனான், எனக்கு வாசிக்க ஏலாதோ? கோழி கிண்டின மாதிரி எழுத்து, எண்டாலும் 'வைப்பர்' எண்டு இருந்தது, 'ஹதன்ன' எண்டு இருந்தது, 'யவன்ன' எண்டு இருந்தது. வைப்பரைத் திருத்து, பிறகு போகவிடு. விசயம் விளங்கிப் போச்சு. இனித் திருத்தாமல் அந்தச் சென்றியைத் தாண்ட ஏலாது. சீதேவிக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்டால் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேற றோட்டும் இல்லை, எங்கட பக்கத்தில வேற காரும் இல்லை.

பென்சனையும் எடுக்காமல் நேர துறைமுக றோட்டில இருக்கிற அசனார் நானாவின்ர கராஜுக்குக் காரை விட்டன். தாங்கள் சொன்னதை மறந்து விடேல்லை, நினைச்சு நினைச்சுத்தான் விட்டனான். அவர் முதல்ல பியூஸைக் கழட்டினார். பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில சிகரட் பெட்டி வெள்ளித்தாளைச் சுருட்டி ஆரோ செருகியிருந்தது. "இது ஆர்ர வேல, சேர்?" எண்டு கேட்டார். எங்கட வீட்டில சிகரட் பிடிக்கிற ஆள் இல்லை எண்டு மட்டும் சொன்னன். புதுப் பியூஸ் போட்டார், வைப்பர் இன்னும் உசாரா ஆடினது. பிறகு டிக்கிக் கதவின்ர உள்மட்டையைக் கழட்டி மோட்டரை வெளியில எடுத்தார். கடல் உப்புக் காத்தில கிறீஸ் எல்லாம் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில ரெண்டு நாள் ஊறப்போட்டுக் கழுவி, பற்றறியில நேர குடுத்துப் பார்த்தார், குழந்தைப்பிள்ளை மாதிரிச் சொன்னபடி கேட்டது. திருப்பிப் பூட்டிப் பிரேக்கை அமத்தினார். கையாட்டினது.

"வைன்டிங் பிழையாக்கும், அன்புவழிபுரத்தில ஒரு ஆள் இருக்காரு, காட்டிட்டு வாங்க சேர்" எண்டார். மோட்டரைப் பையில போட்டுச் சைக்கிளில கொழுவிக்கொண்டு போனன். பைக்கு வெளியில ரெண்டு வயர் நீட்டிக்கொண்டு நிண்டால் பார்க்கிறவனுக்கு எப்பிடி இருக்கும் எண்டு தாங்கள் யோசிப்பீங்கள். நான் யோசிக்கேல்லை. வழியில மறிச்ச ஆமிக்காரங்கள் பையை றோட்டுக்கு நடுவில வைக்கச் சொல்லி, என்னை மண்மூட்டைக்குப் பக்கத்தில கை ரெண்டையும் தூக்கிக்கொண்டு நிக்க வச்சு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு பெரியவரைக் கூட்டிவந்தாங்கள், அவர் ஒரு பற்றறி எடுப்பிச்சு வயரைத் தொடுத்தார். மோட்டரின்ர தண்டு அங்கால இங்கால ஆடினது. ஒருத்தன் கைதட்டினான். பையைத் திருப்பித் தந்து போகவிட்டாங்கள். வைன்டிங்காரன் மோட்டரைக் காதில வச்சுக் கேட்டிட்டு, "இது உங்களை விடச் சுகமா இருக்கு, கொண்டு போங்கோ" எண்டு திருப்பித் தந்திட்டான்.

ஒன்பதாம் நாள் அசனார் நானா குறட்டைக் கீழ வச்சிட்டு, பிளேன்ரீ குடிச்சு முடியும் மட்டும் காரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்.

"சேர், இந்த டிக்கிக் கதவ ஒரு நாளைக்கி எத்தன தரம் தொறப்பீங்க?"

"நான் ஏன் நானா திறக்கப் போறன்?"

"நீங்க இல்ல சேர், அவங்க."

அப்பத்தான் எண்ணிப் பார்த்தன். வீட்டில இருந்து ரவுணுக்குள்ள வாறதுக்கிடையில மூன்று சென்றி. ஒவ்வொரு இடத்திலயும் திற எண்டுவாங்கள், பார்ப்பாங்கள், அடிச்சு மூடுவாங்கள். ரெண்டு வருசம். அவர் எழும்பிப்போய்க் கதவின்ர பிணைச்சலுக்குப் பக்கத்தில வயர் போற றப்பர்க் குழாயை இழுத்துக் காட்டினார். உள்ளுக்குக் கறுப்பு வயர் அறுந்து கிடந்தது. பிரேக் லைற்றுக்கும் வைப்பருக்கும் அது பொது வயராம், அது அறுந்தால் பிரேக் லைற்றுக்கு வாற கரண்ட் திரும்பிப் போக வழி தெரியாமல் மோட்டருக்குள்ளால போகுமாம். "மோட்டருக்கு ஒரு நோவும் இல்ல சேர். தொறந்து தொறந்து மூடினதுல வயர் செத்துப் போச்சி" எண்டார். விரல் நீளத் துண்டு வயர் வச்சு முறுக்கி, ரேப் சுத்தினார். வேலை ஐஞ்சு நிமிசம். அறுத்தவங்களும் அவங்கள்தான், திருத்து எண்டு பாஸில எழுதினவங்களும் அவங்கள்தான். இதை எங்க முறைப்பாடு செய்யிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, செய்யவும் போறதில்லை.

ரவுணை விட்டு வெளிய போற வாகனத்தை ஒருத்தரும் பெரிசாப் பார்க்கிறேல்லை, நேற்றுச் சோலியில்லாமல் வீட்ட வந்து சேர்ந்தனான். ஆகவே, அத்தான் அவர்கள் அறிய வேண்டியது: இப்போது சுவிச்சைப் போட்டால் பின் வைப்பர் ஆடும், பிரேக் பிடித்தால் ஆடாது. வாங்க வருபவரிடம் கார் குறையொன்றும் இல்லாதது என்று தாங்கள் துணிந்து சொல்லலாம். சீதேவிக்கும் இனி வழியில் தடையில்லை என்று நல்லம்மா நேற்றுத்தான் ஒழுங்காக நித்திரை கொண்டாள். தங்களையும் அக்காவையும் கோணேசர் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்கு அடங்கிய மைத்துனன்,
வே. சோமசேகரம்

பி.கு. (17.11.97, பெரியாஸ்பத்திரி வாங்குப் பலகையில் குந்தியிருந்து): மேல எழுதினதில ஒண்டையும் கணக்கில எடுக்க வேண்டாம். கடிதத்தைத் தபாலில போடுறதுக்கிடையில இண்டைக்கு விடிய ஏழு மணிக்குச் சீதேவிக்கு நோக் கண்டிட்டுது. அவளைப் பின் சீற்றில படுக்கவச்சு, நல்லம்மாவை முன்னால ஏத்திக்கொண்டு வந்தன். சென்றியில நிண்டது புதுப் பொடியன். பாஸைத் திருப்பி வாசிச்சான், காருக்குப் பின்னால போனான், "பிரேக்" எண்டான். அமத்தினன். வைப்பர் அசையேல்லை. "மே கார் எக்க நெமெய்" எண்டான், இது அந்தக் கார் இல்லையாம். நான் பெருமையா, "ஹதலா மாத்தயா, ஹதலா!" எண்டு சொன்னன், திருத்தியாச்சு எண்டு. அவன் அந்த வரியில விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுக் காட்டினான். அது ஹதன்ன இல்லை அத்தான், ஹந்துனனவா. பிரேக் பிடிச்சால் பின் வைப்பர் ஆடுற கார், எனக்குத் தெரியும், போகவிடு. கோப்ரல் எங்களுக்கு நல்லது செய்யத்தான் எழுதியிருக்கிறான். அவன் லீவில போயிட்டான். கேட்டுச் சொல்லும் மட்டும் ஓரமா நிக்கட்டாம்.

சீதேவி "அப்பா" எண்டு கத்தின கத்தலில எனக்குப் பயம், வெக்கம் எல்லாம் போட்டுது. இறங்கி ஓடிப்போய் டிக்கியைத் திறந்து, றப்பர்க் குழாயை இழுத்து, அசனார் நானா முறுக்கின கறுப்பு வயரை ஒரே இழுவையில அறுத்தெறிஞ்சு, கதவை அடிச்சு மூடினன். "நல்லம்மா, பிரேக்கை அமத்து!" எண்டன். "எது பிரேக்?" எண்டாள். "நடுவில கிடக்கிறது!" முழங்கால் நோவோட காலை எட்டிப் போட்டு அமத்தினாள். வைப்பர் ஆடினது. பொடியன் சிரிச்சுப் போட்டு, "ஹரி ஹரி, யன்ன" எண்டு தடியைத் தூக்கிவிட்டான்.

பேரப் பொடியன். மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். நான் இந்த வாங்கில இருந்து நல்லா அழுதனான், அதை அக்காவுக்கும் சொல்லுங்கோ. கார் வாங்க வாறவரை இப்ப வரவேண்டாம் எண்டு மறிச்சு விடுங்கோ அத்தான். வயரைத் திருப்பி ஒட்டச் சொல்லியும் எழுதாதேங்கோ. பிள்ளைக்கு ஊசி போட மாசாமாசம் நாங்கள் அந்தச் சென்றியாலதான் வரவேணும்.