செல்லக்கண்ணுதான் ஜெயித்தான்

வாத்தியார் வேலைக்கு வருகிறவனுக்குப் பிடிவாதம் ஆகாது என்பார்கள். எனக்கு அது வண்டி வண்டியாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

எண்பதாம் ஆண்டு. மதுரையில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடத்துக்கு நான் தற்காலிக விரிவுரையாளர். வம்பு தும்பு இல்லாமல் அந்த வருடத்தை ஓட்டினால் நிரந்தர வேலைக்கு ஆர்டர் தருவதாக முதல்வர் சொல்லியிருந்தார். ஆர்டரைக் கண்ணில் காட்டினால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பேன் என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வந்து தொலைத்தது.

அங்கே நாடு முழுக்க விழுந்த ஓட்டைக் கூட்டிப் பார்த்து ஜனாதிபதியை முடிவு செய்வதில்லை. மாநிலத்துக்கு இத்தனை பிரதிநிதிகள் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முந்தினாலும், பெரும்பாலும் அதன் பிரதிநிதிகள் அத்தனை பேரும் முந்தியவருக்கே. இதை மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தன் மண்டையிலும் ஏறவில்லை. சரி, வகுப்பிலேயே ஒரு தேர்தல் நடத்திக் காட்டுவோம் என்று இறங்கினேன். (சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.)

பையன்கள் வரும் திசையை வைத்து செல்லூர், காளவாசல், கொட்டாம்பட்டி என்று மூன்று மாநிலங்கள். செல்லூருக்கு நான்கு பிரதிநிதிகள், மற்ற இரண்டுக்கும் மும்மூன்று. செல்லூர் தறிக்காரர் மகன் முத்துப்பாண்டியும் கொட்டாம்பட்டி விவசாயி மகன் செல்லக்கண்ணுவும் வேட்பாளர்கள்.

நான் நினைத்தது ஒரு மணி நேரப் பாடம். மதுரைக்காரனிடம் தேர்தல் என்று சொன்னால் அது பாடமாகவா இருக்கும்? மறுநாளே சுவரெல்லாம் போஸ்டர், வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர். ஜெயித்தவனுக்கு மாலை போட முதல்வரையே அழைத்துவிட்டார்கள். முத்துப்பாண்டியின் அப்பா தறியை நிறுத்திவிட்டு, தன் கையால் நெய்த துண்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

எண்ணினேன். செல்லூரின் பதினெட்டு ஓட்டும் முத்துப்பாண்டிக்கு. காளவாசலிலும் கொட்டாம்பட்டியிலும் எட்டுக்கு ஏழு என்று செல்லக்கண்ணு முந்தியிருந்தான். ஆக, பிரதிநிதிகள் ஆறுக்கு நான்கு. செல்லக்கண்ணு வெற்றி என்று மைக்கில் அறிவித்தேன்.

முத்துப்பாண்டியின் அப்பா எழுந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சார், எம்மகனுக்கு எம்புட்டு ஓட்டு?"

"முப்பத்திரண்டு."

"அந்தத் தம்பிக்கு?"

"பதினாறு."

அவர் துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இம்புட்டு எண்ணத் தெரியாதவனா சார் நிலாவுக்குப் போனான்?"

கூடமே கிடுகிடுத்தது. முடிவை மாற்றிச் சொல்லும்படி முதல்வர் என் காதில் கெஞ்சினார். ஆர்டரை ஞாபகப்படுத்தினார். பெண்ணின் முகம் கண்ணுக்கு முன் வந்து போனது. ஆனால் மூன்று வாரம் நடத்திய பாடத்தை ஒரு மாலைக்காக மாற்றினால் நான் எதற்கு வாத்தியார்?

"விதின்னா விதிதான் சார். வேணும்னா நீங்க அமெரிக்காவுக்கு எழுதிப் போட்டு மாத்தச் சொல்லுங்க" என்றேன். மைக்கை அணைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெஞ்சுகள் பறந்தன. ஜெயித்த செல்லக்கண்ணு சுவரேறிக் குதித்துக் கொட்டாம்பட்டி பஸ்ஸைப் பிடித்துவிட்டான். முதல்வர் தன் கையாலேயே முத்துப்பாண்டிக்கு மாலை போட்டார். எனக்கு ஆர்டர் வரவில்லை. வேறு கல்லூரியில் வேலை கிடைத்துக் கல்யாணம் நடக்க இரண்டு வருடம் ஆனது. அதுவரை அவள் காத்திருந்தாள். (அதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி கிடையாது.)

இருபது வருடம் கழித்து அமெரிக்காவிலேயே அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றார். பேப்பரைத் தூக்கிக்கொண்டு செல்லூருக்கு ஓடினேன். விசைத்தறி முதலாளியாகியிருந்த முத்துப்பாண்டி நிதானமாகப் படித்தான்.

"தப்புப் பண்ணுனது அவங்க சார். நீங்க எதுக்கு இன்னும் வக்காலத்து வாங்குறீக?" என்று டீ சொன்னான்.

எங்கள் வீட்டில் இன்றும் எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்புதான். போன வாரம் மனைவி, மகன், மகள் மூவரும் புரோட்டாவுக்குக் கை தூக்கினார்கள். நான் உப்புமாவுக்கு.

"மூணுக்கு ஒண்ணு. அப்ப உங்கப்பாதான்டா ஜெயிச்சாரு. அவரே போயி கிண்டிக்கிடட்டும்" என்றாள் மனைவி.

கிண்டினேன். அடிப்பிடித்தது, உப்பும் கூடுதல். ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அன்று கல்லூரியில் ஜெயித்தது செல்லக்கண்ணுதான்.