கால் இல்லாத ஆர்

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு குடாக்கரை விமான முகாமுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் இங்கிலீசில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் எழுதப்படல் வேண்டும். எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் விமானம் எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்பதை எவரும் அறிந்துகொள்ளல் வேண்டும். மேற்படி விபரம் பரம இரகசியம்.

எவரும் அறியவேண்டியது எப்படி இரகசியமாகும் என்று முகாமில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பதற்கான படிவம் முகாமில் இருக்கவில்லை.

குடாக்கரைக்குக் கிடைத்த எழுத்து ஆர், அதாவது R. விமானங்கள் பன்னிரண்டு. முகாம் அலுவலகத்தின் பிரதம லிகிதர் இராசநாயகம் கிண்ணியாவிலிருந்து அபூதாஹிரைக் கூப்பிட்டனுப்பினார். லொறிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் எழுத்து எழுதுகிற மனிசன். கை நடுங்காது, கோடு கோணாது.

"இங்கிலீசு வாசிக்கத் தெரியுமோ?"

"இல்லை ஐயா. பார்த்து எழுதுவன்."

"அதுதான் வேணும். நீர் எழுதலாம். ஆனால் வாசிக்கப்படாது."

அபூதாஹிர் அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

இரண்டு நாளில் பதினொரு வால்கள் முடிந்தன. எழுத்து ஒவ்வொன்றும் மூன்றடி உயரம். அயலூரான தம்பலகாமத்து வயலில் நின்றவனுக்கும் இரகசியம் வடிவாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது விமானத்தில், ஆருக்கு வலது காலை இழுக்கப்போன நேரம் சாப்பாட்டு மணி அடித்தது. இறங்கிப்போய்ச் சாப்பிட்டு வந்தவர் இலக்கத்தை எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்தநாள் தூரிகை கழுவும்போதுதான் அந்தக் கால் ஞாபகத்துக்கு வந்தது. நேர்மையான மனிசன், உடனே தோணியில் துறை தாண்டி முகாமுக்கு ஓடினார்.

"ஐயா, கடைசி விமானத்துக்கு ஒரு கால் விட்டுப்போச்சு. ஒரு நிமிசத்தில போட்டுட்டுப் போறன்."

இராசநாயகம் கதிரையை விட்டு எழும்பினார். "விட்டுப்போச்செண்டு உமக்கு எப்படித் தெரியும்?"

"மத்ததுகளுக்கு இருக்கே ஐயா."

"அப்ப நீர் வாசிச்சிருக்கிறீர்!"

அபூதாஹிர் காவலறையில் அடைக்கப்பட்டார். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை மகள் ஜெமீலாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று காவலுக்கு நின்ற சிப்பாயிடமே கேட்டுப் பார்த்தார்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். கால் இல்லாத ஆர் என்பது பி, அதாவது P. பி என்பது கொழும்புப் பக்கத்துப் பிரிவு. ஆகவே அந்த விமானம் குடாக்கரையில் நின்றாலும் குடாக்கரையில் இல்லை. அதற்கு எண்ணெய் ஊற்ற ஏலாது, எண்ணெய் ஆர் பிரிவுக்குச் சொந்தம். தூசு தட்டவும் ஏலாது, துணியும் ஆர் பிரிவுக்குச் சொந்தம். "உங்கள் விமானத்தைக் கொண்டுபோகவும்" என்று பி பிரிவுக்குத் தந்தி அடித்தார்கள். "நாங்கள் ஒரு விமானத்தையும் தொலைக்கவில்லை. ஆகவே எதையும் கண்டெடுக்க எமக்கு அதிகாரமில்லை" என்று பதில் வந்தது.

புதன்கிழமை அபூதாஹிரின் மனைவி றம்லா சோற்றுப் பார்சலோடு முகாம் கந்தோருக்கு வந்தாள்.

"ஒரு கோடுதானே ஐயா? போட்டா முடிஞ்சுதே."

"அது இப்ப ஆர் இல்லை, தங்கச்சி."

"ஆர் இல்லை?" யாரோ ஒரு ஆளைச் சொல்கிறார் என்று றம்லா நினைத்தாள்.

"ஆர்தான் இல்லை. இப்ப கோடு போட்டால், பி பிரிவின் விமானத்தை ஆர் பிரிவு களவெடுத்ததாகும்."

"அப்ப பி பிரிவு ஆளையே வந்து போடச் சொல்லுங்க."

"அவை தங்கட விமானம் இல்லை எண்டு எழுதிப்போட்டினம். இல்லாத விமானத்துக்கு எப்படிக் கால் போடுவினம்?"

றம்லாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப மத்தப் பதினொண்டிட காலையும் வெட்டிப்போடுங்க! எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்!"

அவள் கோபத்தில் சொன்னாள். இராசநாயகம் பேனாவை எடுத்தார். எழுத்தை மாற்றுவது குற்றம். அழிப்பதைப் பற்றிச் சுற்றுநிருபத்தில் ஒரு சொல்லும் இல்லை. பின்னேரமே அந்த யோசனைக்குக் கட்டளை அதிகாரி ஒப்பம் வைத்தார்.

வியாழக்கிழமை, துடைத்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அபூதாஹிரிடம் மண்ணெண்ணெயும் துணியும் கொடுத்தார்கள். பதினொரு வடிவான கால்களையும் ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது அவருக்குத் தன் காலே உளைந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்துக்கொண்டு துடைத்தார். கலியாணம் குறைவில்லாமல் நடந்தது.

சனிக்கிழமை, பி எழுத்து உள்ளவை பி பிரிவில்தான் நிற்கவேண்டும் என்ற நியாயத்தின்படி, பன்னிரண்டு விமானங்களும் உள்ளே மிச்சமிருந்த எண்ணெயில் கொழும்புப் பக்கம் பறந்தன. குடாக்கரையில் நூற்று நாற்பது பேர் மிஞ்சினார்கள். மூன்று மாதம் முகாம் சிறப்பாக இயங்கியது. விபத்து இல்லை, எண்ணெய்ச் செலவு இல்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதமும் வந்தது. கூடவே ஒரு கேள்வி: "ஆர் பிரிவிலுள்ள விமானங்களின் தொகை யாது?"

பூச்சியம் என்று எழுதினால் முகாமை மூடிவிடுவார்கள். இராசநாயகம் தானே துறை தாண்டி அபூதாஹிர் வீட்டுக்கு வந்தார்.

"ஆர் எழுத்து உள்ளது ஆர் பிரிவு. அவ்வளவுதான் விதி. பறக்கவேணும் எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

"எதில எழுதட்டும் ஐயா?"

இராசநாயகம் பக்கத்துக் குறிஞ்சாக்கேணிக் கரையைக் காட்டினார். அங்கே மீன்பிடித் தோணிகள் நின்றன.

அரசாங்க எழுத்து இருந்தால் கடலில் ஒருவரும் மறிக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், தோணிக்காரர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதலாவதாக நின்றவர் ஸெய்னுதீன். தூரத்து இறக்கக்கண்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து, தங்களுக்கு ஏன் எழுத்து இல்லை என்று சண்டை பிடித்தார்கள். அபூதாஹிர் இந்தமுறை ஆரின் காலை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதினார்.

திங்கட்கிழமை கடலுக்கு இறங்கிய ஸெய்னுதீனை ஒரு சிப்பாய் மறித்தான். ஆர் பிரிவைச் சேர்ந்த எதுவும் பறப்பு அனுமதியில்லாமல் புறப்படக்கூடாதாம். படிவத்தில், "எவ்வளவு உயரத்தில்?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஸெய்னுதீன் "பூச்சியம் அடி" என்று எழுதிக் கொடுத்தார்.

பின்னேரம் படிவம் திரும்பி வந்தது. "இவ்வளவு தாழப் பறப்பது உயிருக்கு ஆபத்து. அனுமதி மறுக்கப்படுகிறது."

அபூதாஹிர் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் ஸெய்னுதீன் அவரிடம் ஓடினார். மூன்று நாள் காவலறையில் இருந்த அபூதாஹிருக்கு இப்போது கந்தோர்ப் பாஷை விளங்கும்.

"ரெண்டாயிரம் அடி எண்டு போடுங்க காக்கா."

அனுமதி உடனே கிடைத்தது. அன்று தொடக்கம் குறிஞ்சாக்கேணியார் இரண்டாயிரம் அடி உயரத்தில்தான் மீன் பிடிக்கிறார்கள். அதற்குத் தாழப் பிடித்த மீனை எங்கள் சந்தையில் இப்போது ஒருவரும் வாங்குவதில்லை.